தவறான மின்கட்டணப் பட்டியல்: கனகசெட்டிக்குளத்து வீட்டு நுகர்வோருக்கான வழிமுறைகள்

கனகசெட்டிக்குளத்தில் ஒரு வீட்டின் மின்கட்டணத்தைப் பற்றி எழும் தகராறு எந்த அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும், எந்த ஆணையத்தின் விதிகளின்படி தீர்க்கப்பட வேண்டும் என்பதை அவ்வூரின் இருப்பிடமே முடிவுசெய்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து எல்லைகள் 1954 நவம்பர் 1-இல் நடந்த நிர்வாக மாற்றத்துக்கும் 1962 ஆகஸ்ட் 16-இல் நடந்த சட்டபூர்வ மாற்றத்துக்கும் பின்னர் அப்படியே நிலைத்துவிட்டதால், புதுச்சேரிப் பகுதி ஒரே தொடர்நிலமாக இல்லாமல் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அவற்றுள் காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி, கனகசெட்டிக்குளம் ஆகியவை அடங்கிய வடபகுதியை, நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்பவர் கோட்டக்குப்பம் முதலிய தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்த பிறகே அடைய முடியும். இதனால் ஒரே சாலையோரத்தில், சில கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டு வெவ்வேறு மின்விநியோக அமைப்புகள் செயல்படுகின்றன. தமிழ்நாட்டுப் பக்கத்து வீடுகளுக்குத் தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகம் மின்சாரம் வழங்குகிறது. கனகசெட்டிக்குளத்து வீடுகளுக்குப் புதுச்சேரி அரசின் ஒரு துறையாகவே இயங்கும் மின்துறை வழங்குகிறது.

இந்த வேறுபாடு பெயரளவினதன்று. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்பட்டு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. புதுச்சேரியில் கணக்கெடுப்பு மாதந்தோறும் நடைபெறுகிறது, கட்டண விகிதங்களும் வேறு. தமிழ்நாட்டுக்குரிய ஒழுங்குமுறை ஆணையம் சென்னையில் இருக்க, புதுச்சேரிக்குரியது கோவா மாநிலத்துக்கும் ஒன்றியப் பகுதிகளுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆகும். அதன் அலுவலகம் அரியானாவின் குருகிராம் நகரில் உள்ளது. ஒழுங்குமுறை ஆணையம் என்பது மின்சாரத்தின் விலையை நிர்ணயிப்பதோடு, விநியோகம் செய்பவர் நுகர்வோரிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான விதிகளையும் இயற்றும் அமைப்பாகும். எல்லைக்கு அப்பாலுள்ள உறவினர் தம் அனுபவத்திலிருந்து நல்லெண்ணத்துடன் கூறும் யோசனை கனகசெட்டிக்குளத்து வீட்டுக்குப் பொருந்தாமற்போவதற்கு இதுவே காரணம். இரு பக்கங்களுக்கும் பொதுவாக நிற்பவை, 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும், அதன்கீழ் ஒன்றிய அரசு 2020 டிசம்பர் இறுதியில் வெளியிட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளுமே. ஒன்றியப் பகுதிகளின் மின்விநியோகத்தைத் தனியாரிடம் ஒப்படைக்கும் முடிவு 2020-இல் அறிவிக்கப்பட்டது முதல் புதுச்சேரியில் அதைப் பற்றிய விவாதமும் ஊழியர் போராட்டங்களும் நடந்துவந்துள்ளன. விநியோகம் செய்வது அரசுத் துறையாயினும் தனியார் நிறுவனமாயினும், இங்கே விளக்கப்படும் சட்ட உரிமைகள் மாறுவதில்லை.

பட்டியலின் எந்த வரி தவறு?

"பில் அதிகமாக வந்துவிட்டது" என்று மட்டும் எழுதப்படும் மனு பெரும்பாலும் பயன் தருவதில்லை, ஏனெனில் அதைப் படிக்கும் அலுவலர் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை அது கூறுவதில்லை. மின்கட்டணப் பட்டியல் பல கூறுகளின் கூட்டுத்தொகை: பயன்படுத்திய யூனிட்டுகளுக்கான கட்டணம், நிலைக் கட்டணம், அதாவது அவ்வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமையைப் பொறுத்து, மின்சாரம் பயன்படுத்தாத மாதத்திலும் செலுத்த வேண்டிய தொகை, முந்தைய நிலுவை, தாமதக் கட்டணம், ஆணையம் அனுமதித்த கூடுதல் கட்டணம். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்குவதற்குச் செலவாகும் மின்சாரம். தகராறு இவற்றுள் எதைப் பற்றியது என்பதை முந்தைய 12 மாதப் பட்டியல்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டாலே பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். யூனிட்டுகள் வழக்கமான அளவில் இருந்து தொகை மட்டும் உயர்ந்திருந்தால் குறை மீட்டரில் இல்லை. காரணம் கட்டண உயர்வாகவோ, பழைய நிலுவை சேர்க்கப்பட்டதாகவோ, வீட்டு இணைப்பு வணிகப் பிரிவுக்கு மாற்றப்பட்டதாகவோ இருக்கும்.

யூனிட்டுகளே உயர்ந்திருக்கும் நிலையில், பட்டியலில் அச்சிடப்பட்ட முந்தைய அளவீடும் இப்போதைய அளவீடும் எந்தத் தேதிகளுக்கு உரியவை என்பதை முதலில் பார்க்க வேண்டும். புதுச்சேரியின் வீட்டுக் கட்டணம் மாதத்துக்கு 100 யூனிட் வரை, 101 முதல் 200 வரை, 201 முதல் 300 வரை, அதற்கு மேல் எனப் படிகளாகப் பிரிக்கப்பட்டு, மேலே செல்லச் செல்ல ஒரு யூனிட்டின் விலை கூடும்படி அமைந்துள்ளது. மக்கள் இதை ஸ்லாப் என்பர். மாதம் 90 யூனிட் பயன்படுத்தும் ஒரு வீட்டில் இரண்டு மாதம் கணக்கெடுக்கப்படாமல் மூன்றாம் மாதம் மொத்தமாக 270 யூனிட் பதிவாகிறது என்று கொண்டால், அதை மூன்று மாதங்களுக்குப் பிரித்துக் கணக்கிடும்போது 270 யூனிட்டும் மிகக் குறைந்த முதற்படியிலேயே அடங்கிவிடும். ஒரே மாதத்தின் பயன்பாடாகக் கணக்கிட்டாலோ 100 யூனிட் மட்டுமே முதற்படியில் நின்று, அடுத்த 100 இரண்டாம் படிக்கும், மீதி 70 மூன்றாம் படிக்கும் ஏறிவிடும். மீட்டர் சரி, யூனிட்டும் சரி. ஆனாலும் பட்டியல் தவறு. இவ்வகைத் தவறைத் திருத்துவதற்கு மீட்டர் சோதனை தேவையில்லை, படிகளை மாதவாரியாகப் பிரித்து மறுகணக்கீடு செய்யும்படி கேட்பதே போதும் என்பதால், வேறு எதையும் சந்தேகிக்கும் முன் இதைச் சரிபார்ப்பது நலம். படிகளின் விலையை ஆணையம் தன் கட்டண ஆணைகளின் வழியே மாற்றிவருவதால், தகராறுக்குரிய மாதத்தில் நடைமுறையிலிருந்த விகிதத்தையே கணக்கீட்டுக்குக் கொள்ள வேண்டும்.

வீடு பூட்டியிருந்த மாதங்களும் சராசரிப் பட்டியலும்

கணக்கெடுக்க வருபவர் மீட்டரைப் பார்க்க முடியாத மாதங்களில், முந்தைய பயன்பாட்டை வைத்து உத்தேசமாக ஒரு பட்டியல் தரப்படுகிறது. இது தற்காலிகப் பட்டியல் எனப்படும். கடலோர ஊர்களில் இயற்கைச் சீற்றமும் இதற்கு ஒரு காரணமாகலாம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் போன்ற புயலுக்குப் பின், கணக்கெடுப்பு தள்ளிப்போவதும் மழைநீர் புகுந்த மீட்டர்கள் பழுதாவதும் எதிர்பார்க்கத்தக்கவையே. நுகர்வோர் உரிமை விதிகளின்படி, பேரிடர் போன்ற அசாதாரண நிலைகள் நீங்கலாக, ஒரு நிதியாண்டில் ஒரு நுகர்வோருக்கு இரண்டுக்கு மேற்பட்ட தற்காலிகப் பட்டியல்கள் தரப்படக் கூடாது. அதற்கு மேலும் அது தொடர்ந்தால், உண்மையான அளவீட்டின்படி பட்டியல் வரும்வரை தொகையைச் செலுத்த மறுக்கும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. அடுத்தடுத்து இரண்டு முறை மீட்டரை அணுக முடியாமற்போனால், அளவீடும் தேதியும் தெரியுமாறு மீட்டரைப் படமெடுத்து, பதிவுசெய்த கைபேசி எண்ணிலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ அனுப்பவும் அதே விதிகள் இடமளிக்கின்றன. மாதந்தோறும் ஒரே தேதியில் மீட்டரைப் படமெடுத்து வைக்கும் வழக்கம், செலவேதுமில்லாத வலுவான சான்றாகும். பின்னாளில் தகராறு எழும்போது துறையின் பதிவேட்டுக்கு நிகராக நுகர்வோரின் கையில் இருக்கக்கூடிய ஒரே பதிவு அதுதான்.

மீட்டரைச் சந்தேகிப்பதற்கு முன்னும் பின்னும்

மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு ஒளிரும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை ஒளிர வேண்டும் என்ற எண், பல மீட்டர்களில் 3200 என்று, முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வீட்டின் எல்லாக் கருவிகளின் சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிய பின்னரும் விளக்கு ஒளிர்ந்துகொண்டேயிருந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது. பிறகு மெயின் சுவிட்சையும் அணைத்துப் பார்க்க, ஒளிர்வது நின்றுவிட்டால் கசிவு வீட்டு வயரிங்கிலும், நிற்காவிட்டால் மீட்டரிலோ மீட்டருக்கும் மெயினுக்கும் இடையிலோ இருக்கக்கூடும். அடுத்து, மற்றவற்றை அணைத்துவிட்டு 1,000 வாட் நீர் சூடாக்கும் கம்பியை வாளி நீரில் இட்டு ஆறு நிமிடம் இயக்கினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு செலவாகும் என்பதால், மேற்குறித்த மீட்டரில் விளக்கு ஏறக்குறைய 320 முறை ஒளிர வேண்டும். மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் எண்ணிக்கை இதைவிடக் குறையும். ஆகவே இச்சோதனை சந்தேகத்துக்கு அடிப்படை ஆகுமேயன்றி முடிவான சான்று ஆகாது. இஸ்திரிப் பெட்டி தானே அணைந்து எரிவதால் இதற்கு ஏற்றதன்று.

மாடி கட்டி, கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் தனித்தனி மீட்டர் பெற்ற வீடுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று நியூட்ரல் கம்பி. மின்திருட்டைத் தடுக்கும் பொருட்டு, இக்கால ஒருமுனை மீட்டர்களில் பல, பேஸ் கம்பியில் செல்லும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்து இரண்டில் அதிகமானதைக் கணக்கில் கொள்கின்றன. இரு தளங்களின் நியூட்ரல்களையும் வயரிங் செய்தவர் ஒன்றாக இணைத்துவிட்டிருந்தால், மேல்தளத்தில் ஓடும் கருவியின் மின்னோட்டம் கீழ்த்தள மீட்டர் வழியாகத் திரும்பி, அங்கும் பயன்பாடாகப் பதிவாகக்கூடும். மீட்டரில் பழுதில்லாமலேயே பட்டியல் பெருகும். பல்கலைக்கழகத்தையும் மருத்துவக் கல்லூரியையும் நம்பி மாடியறைகளை வாடகைக்கு விடும் காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் பகுதியில், வீட்டுக்காரருக்கும் குடியிருப்போருக்கும் இடையே மனக்கசப்பை வளர்க்கக்கூடிய இக்குறையை, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் சிறிது நேரத்தில் கண்டுபிடித்துவிட முடியும். உப்புக் காற்றில் மீட்டரின் இணைப்பு முனைகள் அரித்துச் சூடேறிக் கருகுவதையும் அவர் அப்போதே பார்த்துவிடலாம். முத்திரையிடப்பட்ட மூடியை நுகர்வோரோ பணியாளரோ எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. முத்திரை உடைந்த மீட்டர், கட்டணத் தகராறைத் திருட்டு வழக்காக மாற்றிவிடும் அபாயம் கொண்டது.

இவற்றுக்குப் பின்னும் சந்தேகம் நீங்காவிட்டால் மீட்டர் சோதனைக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அளவீடு பயன்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்ற புகார் பெறப்பட்ட 30 நாட்களுக்குள் சோதனை நடத்தப்பட வேண்டும் என்றும், புகார் கொடுக்கும்போதே சோதனைக் கட்டணம் கேட்கக் கூடாது என்றும் நுகர்வோர் உரிமை விதிகள் கூறுகின்றன. துறையின் சோதனை முடிவை ஏற்க இயலாதவர், ஆணையம் ஒப்புதல் அளித்த வெளிச் சோதனைக்கூடங்களுள் ஒன்றில் மறுசோதனை கோரலாம். 2024-இல் செய்யப்பட்ட திருத்தம் இன்னும் பயனுள்ளது: இத்தகைய புகார் வந்த ஐந்து நாட்களுக்குள் விநியோகம் செய்பவர் ஒரு கூடுதல் மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதங்களுக்கு இரண்டையும் ஒப்பிட வேண்டும். இவ்வுரிமை பலருக்குத் தெரியாதது; எனவே மனுவில் அதைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

ஆட்சேபத்துடன் செலுத்துதல்

தகராறில் நுகர்வோர் செய்யும் தவறுகளுள் மிகக் கொடியது, தொகை தவறு என்ற உறுதியில் எதுவுமே செலுத்தாமல், எதுவுமே எழுதாமல் காத்திருப்பது. மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, தொகை செலுத்தத் தவறியவருக்கு 15 முழு நாட்கள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்க அதிகாரம் அளிக்கிறது. ஆனால் அதே பிரிவின் வரம்புரை, அதாவது பொது விதிக்குச் சட்டமே இடும் விலக்கு, நுகர்வோருக்கு ஓர் உறுதியான பாதுகாப்பைத் தருகிறது. கேட்கப்பட்ட முழுத் தொகை ஒரு பக்கம். முந்தைய ஆறு மாதங்களில் செலுத்திய கட்டணத்தின் சராசரியை வைத்து ஒவ்வொரு மாதத்துக்கும் கணக்கிட்ட தொகை மறுபக்கம். இவ்விரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்திவிட்டால், தகராறு முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, ஆறு மாதங்களாகச் சராசரியாக 1,100 ரூபாய் செலுத்திவந்த வீட்டுக்கு ஒரு மாதம் 9,600 ரூபாய்க்குப் பட்டியல் வந்தால், அம்மாதத்துக்கு 1,100 ரூபாய் செலுத்தினால் போதும். தகராறு நீடிக்கும் அடுத்தடுத்த மாதங்களுக்கும் அதே அடிப்படையில் தவறாமல் செலுத்திவர வேண்டும்.

ஆட்சேபம் என்பது மனத்துக்குள் இருந்தால் போதாது, காகிதத்தில் இருக்க வேண்டும். மனுவில் பின்வரும் பொருளில் ஒரு வாக்கியம் அமைதல் நன்று: "குறிப்பிட்ட மாதத்துப் பட்டியலின் மீது தகராறு நிலுவையில் உள்ளதால், மின்சாரச் சட்டம், 2003, பிரிவு 56, உட்பிரிவு 1-இன் வரம்புரைப்படி, முந்தைய ஆறு மாதச் சராசரித் தொகை ஆட்சேபத்துடன் செலுத்தப்படுகிறது, தகராறு தீரும்வரை இணைப்பு துண்டிக்கப்படலாகாது." கட்டண மையத்தில் பகுதித் தொகையை ஏற்க மறுத்தால், பகுதித் தொகையை ஏற்க உத்தரவிடுமாறு மின்துறையின் பிரிவு அலுவலகப் பொறியாளரிடம் மனுவைக் கொடுத்து, இரண்டாம் படியில் தேதியும் அலுவலக முத்திரையும் பெற வேண்டும், அதுவும் இயலாதபோது, வங்கி வரைவோலையுடன் ஒப்புகை பெறத்தக்க விரைவுத் தபாலில் அனுப்பலாம். கைபேசிச் செயலியில் முழுத் தொகையையும் செலுத்திவிட்டவர்கூட உரிமையை இழந்தவராகார். செலுத்திய அன்றே ஆட்சேபக் கடிதத்தைக் கொடுத்துவிடுவது அவர் நிலையைக் காக்கும்.

பழைய நிலுவை என்ற பெயரில் திடீரெனச் சேர்க்கப்படும் தொகைகளுக்கு அதே 56-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பொருந்தும். ஒரு தொகை முதன்முதலில் செலுத்தத்தக்கதான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கடந்த பின், அது இடைவிடாமல் நிலுவையாகக் காட்டப்பட்டு வந்திருந்தாலன்றி, இப்பிரிவின்படி அதை வசூலிக்க இயலாது. இதை வைத்து எல்லாப் பழைய கோரிக்கைகளும் செல்லாது என்று கருதிவிடக் கூடாது. விநியோக நிறுவனம் தவறான விகிதத்தில் கட்டணம் வசூலித்துவந்து பின்னர் கண்டுபிடித்த ஒரு வழக்கில், 2020 பிப்ரவரியில் அஜ்மீர் மின்விநியோக நிறுவனத்துக்கும் ரகமத்துல்லா கான் என்பவருக்கும் இடையே தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொகை செலுத்தத்தக்கதாவது பட்டியல் அனுப்பப்படும்போதுதான் என்றும், இரண்டாண்டு கடந்த பின் தவறு கண்டு கூடுதல் தொகை கேட்பதை அந்த உட்பிரிவு தடுக்கவில்லை என்றும், ஆனால் அத்தொகைக்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்றும் விளக்கியது. எனவே பழைய நிலுவை கேட்கப்படும்போது நுகர்வோர் முதலில் கோர வேண்டியது, அது எந்த மாதங்களுக்கு உரியது, எத்தவற்றால் எழுந்தது, எந்தெந்தப் பட்டியல்களில் காட்டப்பட்டுவந்தது என்ற விவரப் பட்டியலையே. அது மறுக்கப்பட்டால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, கணக்கெடுப்புப் பதிவையும் மீட்டர் சோதனை அறிக்கையையும் 30 நாட்களுக்குள் பெறலாம்.

மன்றமும் மின்குறைதீர்ப்பாளரும்

பிரிவு அலுவலகத்தில் தீராத குறையை, சட்டத்தின் 42-ஆம் பிரிவு நிறுவச் சொல்லும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மன்றம் மின்துறை சார்ந்து அமைக்கப்படுவதாயினும், நுகர்வோர் தரப்பின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன; 45 நாட்களுக்குள் அது முடிவு காண வேண்டும். வழக்கறிஞர் இல்லாமலே நுகர்வோர் நேரில் தம் குறையை எடுத்துரைக்கலாம். இணைப்பு மறைந்த தந்தையின் பெயரிலோ வீட்டு உரிமையாளரின் பெயரிலோ இருப்பதால் தமக்கு உரிமையில்லை என்று பின்வாங்கத் தேவையில்லை, ஏனெனில் சட்டம் தரும் விளக்கத்தில், மின்சாரம் பெறும்பொருட்டுத் தற்போது இணைக்கப்பட்டுள்ள இடத்துக்குரியவரும் நுகர்வோரே ஆவார்.

மன்றத்தின் ஆணையில் நிறைவில்லாதவர், அது கிடைத்த 30 நாட்களுக்குள் ஆணையத்தின் மின்குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். மின்குறைதீர்ப்பாளர் என்பவர் ஆணையத்தால் அமர்த்தப்படுபவர், மின்துறையின் ஊழியர் அல்லர்; மன்றத்துக்கும் அவருக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே. அலுவலகம் தொலைவில் இருப்பதால், கனகசெட்டிக்குளத்திலிருந்து முறையிடுபவருக்காகப் பேசப்போவது அவருடைய காகிதங்களே: 12 மாதப் பட்டியல்கள், மீட்டர் படங்கள், முத்திரை பெற்ற மனுப் படிகள், ஆட்சேபத்துடன் செலுத்திய ரசீதுகள், மன்றத்தின் ஆணை. இந்த வழிக்கு மாற்றாக, சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும் இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நுகர்வோர் தாம் வசிக்கும் இடத்திலேயே புகார் தாக்கல் செய்ய முடியும்.

இவ்வழிகளுள் எதுவும் பொருந்தாத ஒரு வகை உண்டு. வீட்டு இணைப்பில் கடை நடத்துதல், அனுமதியற்ற முறையில் மின்சாரம் எடுத்தல் போன்றவற்றைக் குற்றமாகச் சாட்டி, 126-ஆம் பிரிவின்கீழ் இரு மடங்கு விகிதத்தில் தொகை மதிப்பிடப்பட்டால், அது கட்டணத் தகராறு ஆகாது. மதிப்பீட்டு அலுவலரிடம் உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவித்து நேரில் விளக்கம் அளிக்க வேண்டும். இறுதி ஆணை பாதகமானால், மதிப்பிட்ட தொகையில் பாதியைச் செலுத்தி, 30 நாட்களுக்குள் 127-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்ய வேண்டும். இத்தகைய மதிப்பீட்டை எதிர்த்து நுகர்வோர் ஆணையத்தை நாட முடியாது என்று அனீஸ் அகமது வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே கையில் வந்த காகிதத்தில் எந்தப் பிரிவின் எண் குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் படித்த பின்னரே மனு எழுதத் தொடங்க வேண்டும். தவறான வாசலில் நின்று கழியும் நாட்களில் மேல்முறையீட்டுக் கெடு முடிந்துவிடும்.

தீர்ப்பு சாதகமாக வந்த பின்னரும் அடுத்த இரண்டு மூன்று பட்டியல்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். குறைக்கப்பட்ட தொகை கணக்கில் வரவாகாமல் பழைய நிலுவையாகவே தொடர்ந்து, அதன்மீது தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டிருந்தால், ஆணையின் படியை இணைத்து மீண்டும் எழுத வேண்டும். நிர்ணயிக்கப்பட்ட விகிதத்துக்கு மேல் வசூலித்த தொகையை வங்கி விகித வட்டியுடன் திரும்பப் பெறும் உரிமையை 62-ஆம் பிரிவின் ஆறாம் உட்பிரிவு அளிக்கிறது. வட்டியையும் மனுவிலேயே கேட்டுவிடுவது நல்லது. மன்றத்தின் அல்லது மின்குறைதீர்ப்பாளரின் ஆணை நிறைவேற்றப்படாமல் கிடந்தால், விதிமீறல் ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்ச ரூபாய் வரை தண்டம் விதிக்கும் அதிகாரத்தை 142-ஆம் பிரிவு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அளித்திருப்பதைச் சுட்டி, அவ்வாணையத்துக்கே நேரடியாக மனு அனுப்பலாம்.